மாமி பூட்டிய பிறேக் கட்டை

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. நானும் அப்படித்தான் படுவான்கரையில் இருந்து ஒரு சூட்கேசோடு வாவியைக் கடந்து கல்லடிக்கு வந்து சேர்ந்தேன். அந்த வீட்டில் என் மனைவியும் அவளுடைய அம்மாவும் மட்டும் இருந்தார்கள். மாமா எங்கள் கல்யாணத்துக்குப் பல வருசம் முன்பே காலமாகிவிட்டார்.

மாமி ஓய்வு பெற்ற மருத்துவமாது. ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி'. வேலை செய்த காலத்தில் அவருடைய கிராமங்கள் எல்லாம் வாவிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன. மண்முனையில் பாலம் வருவதற்கு முந்திய காலம் அது. காலையில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு படகில் அக்கரைக்குப் போய், வயலுக்கு நடுவே போகும் கிறவல் ரோட்டில் வீடு வீடாகக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவிட்டுப் பின்னேரம்தான் திரும்புவார். நடு வட்டையில் காற்றுப் போனால் கேட்க ஆள் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு நெல்லும் கொக்கும்தான். அதனால் ஒட்டுப் போடுவதில் தொடங்கி, செயின் மாற்றுவது, சில்லுக்குள் குண்டு போட்டுக் கிறீஸ் பூசுவது வரைக்கும் எல்லாவற்றையும் அவரே பழகிக்கொண்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில் மாமியும் நானும் நேரே பேசிக்கொள்வதில்லை. கோபதாபம் ஒன்றும் இல்லை, மரியாதை. நான் குசினி வாசலில் நின்றுகொண்டிருப்பேன். "தம்பி சாப்பிட்டாரா எண்டு கேளுகா" என்று மகளிடம் சொல்வார். நானும் மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். இப்படியே சில வருசங்கள் ஓடின.

பெற்றோல் இல்லாமல் போன வருசத்தில்தான் வீட்டுக்குள் சைக்கிள் திரும்ப வந்தது. அதற்கு முன் எங்களிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது. மனைவியை ஆரையம்பதியில் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி, பாலத்தைக் கடந்து, டவுனில் நான் வேலை செய்யும் கந்தோருக்குப் போவேன். பெற்றோல் செற்றுக்கு முன்னால் வரிசையில் விடிய விடியக் கிடந்தும் கிடைக்காத நாள் ஒன்றில் ஸ்கூட்டியைச் சாக்குப் போட்டு மூடினோம். மறுநாள் காலையில் எழும்பி வந்து பார்த்தால் முற்றத்தில் மூன்று சைக்கிள்கள் நின்றன. ஒன்று மாமியுடையது. ஒன்று மனைவி படிக்கிற காலத்தில் ஓடியது. மற்றது மாமாவுடையது, அதுதான் எனக்கு. மூன்றையும் பின்வளவுக் கொட்டிலில் இருந்து தள்ளிக்கொண்டு வந்து, தரையில் ஒரு பழைய வெள்ளை விரிப்பை விரித்து, மாமி வேலையைத் தொடங்கியிருந்தார்.

அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய தொழிலின் பழக்கம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. முதலில் முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவுவார். நட்டு இறுக்கும் சாவிகள், குறடு, டயர் கழற்றும் தட்டைக் கம்பிகள், ஒட்டுப் போடும் ரப்பர் துண்டு, சொலூசன் பசை எல்லாம் விரிப்பில் சின்னதில் இருந்து பெரிதாக வரிசையாக இருக்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். ஓட்டை தேடும்போது ரியூபைத் தண்ணீர்ப் பேசினில் அமுக்கி, முகத்தை நீருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கன்னத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வார். குமிழி வருவது கன்னத்தில் படுமாம். கைதேர்ந்தவர்களின் வித்தை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சந்தியில் இருக்கும் சைக்கிள் கடையில் அப்போது சனம் நிரம்பி வழிந்தது. ஒட்டுப் போடக் கொடுத்தால் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று சைக்கிளையும் மாமி பார்த்துவிடுவார். எனக்குக் கொடுத்த ஒரே வேலை காற்றடிப்பது. அதையும் மனைவி மூலம்தான் சொல்லியனுப்புவார்.

அந்த நாட்களில் ஒரு காலையில் பாலத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று பின்னால் இருந்து தள்ளியதில் சைக்கிள் தானாக ஓடியது. முன்னால் ஒரு ஓட்டோ திடீரென்று திரும்பியதும் முன் பிறேக்கைப் பிடித்தேன். ஒரு கணம் பிடித்த மாதிரி இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பின் பிறேக் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது. காலைத் தரையில் தேய்த்து, கரையில் இருந்த மண்மேட்டில் மோதி விழுந்தேன். முழங்காலில் தோல் போனது, காற்சட்டை கிழிந்தது. வேறு சேதம் இல்லை.

பாலத்தடியில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். ரோட்டில் கிடந்த ஒரு சின்ன ரப்பர்த் துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். பிறேக் கட்டையின் ரப்பர் ஒரு தகர உறைக்குள் இருக்கும். உறையின் ஒரு நுனி மூடியிருக்கும், மறுநுனி திறந்திருக்கும். மூடிய நுனி முன்பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால், பிறேக் பிடிக்கும்போது சுழலும் சில்லு ரப்பரை உறையில் இருந்து இழுத்து வெளியே எறிந்துவிடும். இதை அன்றைக்கு அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

"ஆர் தம்பி இதப் பூட்டின?" என்று கேட்டார்.

கடையில் என்று சொன்னேன். மாமியின் பேரைச் சொல்ல மனம் வரவில்லை.

வீட்டிலும் மண்ணில் சறுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன். மாமி உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து மகளிடம் கொடுத்தார். எப்படித் துடைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். ஒருமுறை பிசகியிருக்கும், யாருக்கும் வருவதுதானே என்று நினைத்து, பாலத்தடியில் அவர் காட்டித் தந்தபடி கட்டையை மாற்றிப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். நட்டைச் சாவியால் இறுக்கும் முன் மாமி பெருவிரலால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவுவார். கீழே விழுந்த சின்னத் தகட்டை எடுக்க உள்ளங்கையை விரிப்பில் பரப்பித் துளாவுவார். பேசினில் கன்னத்தை வைத்ததும் வித்தைக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் குமிழி தெரியவில்லை.

காத்தான்குடியில் சைக்கிள் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு மாமி வழக்கமாகப் போவார். ஒரு சனிக்கிழமை செயின் வாங்க நான் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, மற்ற ஆட்கள் போகும்வரைக்கும் என்னை இருக்கச் சொன்னார். பிறகு கிட்ட வந்து மெல்லச் சொன்னார். மாமி போன கிழமை சின்ன டயர் கேட்டு வந்து பெரியதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாராம். அளவு டயரில் பெரிதாகத்தான் எழுதியிருந்ததாம்.

"குறை நினைக்காதீங்க தம்பி. என்ட உம்மாக்கும் இப்பிடித்தான் துவங்கின. கண்ணில வெள்ள விழுந்திருக்கும். மிஸ்ஸி எனக்கு விளங்கக் கூடாது எண்டு சிரிச்சிச் சமாளிச்சிட்டுப் போனா. அதான் நானும் ஒண்டும் கேக்கல்ல."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மனைவியிடம் சொன்னால் அவள் அந்த நிமிசமே அம்மாவிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிடுவாள். அவளுடைய அன்பு அப்படித்தான் இருக்கும். மாமியிடம் நேரே சொல்வதென்றால், சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட நான் நேரே சொன்னதில்லை. கடைசியில் வேறு ஒரு வழியைப் பிடித்தேன். மாமி ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் கிணற்றடிக்குக் குளிக்கப் போவார். தலைக்கு ஊற்றி, உடுப்புத் தோய்த்து வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் அவர் பூட்டிய எல்லாவற்றையும் நான் ஒருமுறை பார்த்து இறுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு நான் முதலில் பழக வேண்டியிருந்தது. கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் விளங்கும். கையில் சாவியை எடுத்தால் ஒன்றும் விளங்காது. இடது பெடல் ஆடுகிறது என்று இறுக்கப் போய், அதன் மரை மற்றப் பக்கமாகச் சுற்றும் என்று தெரியாமல் முழுப் பலத்தோடு கழற்றிக்கொண்டிருந்தேன். பெடல் கையோடு வந்தபோது திகைத்துப்போய் நின்றேன். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கையோடு முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்று அதைத் திரும்பப் பூட்டி முடித்தேன். ஆனாலும் கிழமைக்குக் கிழமை கை பழகியது. பின் சில்லின் நட்டுகள் விரலால் திருகிய அளவில் இருந்ததை ஒருநாள் கண்டுபிடித்தேன். அது மனைவியின் சைக்கிள். அன்றைக்கு அந்த நட்டுகளை மூன்று தடவை இறுக்கிப் பார்த்தேன்.

பாவித்த சாவிகளை விரிப்பில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ஒருநாள் அவசரத்தில் இரண்டை மாறி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு விரிப்பைச் சுருட்டியபடியே கொண்டுவந்து மாமி விரித்தார். பார்க்காமலே கையை நீட்டி ஒரு சாவியை எடுத்து நட்டில் வைத்தார். பொருந்தவில்லை. திரும்ப வைத்துவிட்டுப் பக்கத்துச் சாவியைத் தொட்டார். பிறகு வேலையை நிறுத்திவிட்டு, வரிசையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு கரையில் இருந்து மறுகரை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டு போனார். நான் அவருக்கு முன்னால் காற்றடித்துக்கொண்டிருந்தேன். முகத்தை என் பக்கம் திருப்பினார், பிறகு சாவிகளைத் திரும்ப வரிசைப்படுத்தினார். அன்றைக்கு வேலை முடிய வழமையை விட நேரமாகியது.

மறுநாள் பின்னேரம் நான் கந்தோரால் வந்தபோது மனைவி இன்னும் வரவில்லை. மேலதிக வகுப்பு இருந்தது. மாமி தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து என் கையில் தந்தார். பிறகு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"மகன், என்ட சாமான எடுக்கிற நீங்கதானே?"

"ஓம் மாமி."

"எப்ப இருந்து?"

பாலத்தில் விழுந்ததைச் சொன்னேன். ரப்பர் கழன்று போனதையும், கட்டை மாறிப் பூட்டியிருந்ததையும் சொன்னேன். பின் சில்லு நட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மாமி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சில்லோட என்ட புள்ள போயிருந்தா?" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீங்க எனக்கு இரக்கப்பட்டு மறைச்சீங்க. அது விளங்குது. ஆனா மகன், நான் இந்தத் தொழில்ல மறைச்சதே இல்ல. புள்ள வயித்துக்குள்ள மாறிக் கிடக்கு, உடன ஆசுபத்திரிக்குப் போங்க எண்டு முகத்துக்கு நேரதான் சொல்லுவன். அழுவாங்க. அழுதாலும் போவாங்க. சொல்லாம விட்டிருந்தா எத்தின உசிர் போயிருக்கும்?"

அவர் சொன்னது சரி. ஆனால் அவரும்தானே மறைத்தார். அதைக் கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன். கண்ணைக் காட்டாமல் விட்டது ஒப்பரேசனுக்குப் பயந்தா மாமி என்றேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினார். என்னோடு அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போன வீடுகளில் பார்வை குறைந்தவர்களை எப்படி வைத்திருந்தார்கள் என்று சொன்னார். முதலில் ரோட்டுக்குப் போக வேண்டாம் என்பார்கள். பிறகு அடுப்படிக்கு வர வேண்டாம் என்பார்கள். பிறகு கிணற்றடிக்கும் போகக் கூடாது. எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கடைசியில் அந்த ஆள் ஒரு கதிரையில் இருந்து, சோறு வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். டவுனுக்கு பஸ்ஸில் போய் டொக்டரைக் காட்டினால் மகளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் முதலில் போவது சைக்கிள் என்று நினைத்தாராம். பெற்றோல் இல்லாமல் போய், வீட்டில் எல்லோருக்கும் தன் கை தேவைப்பட்டபோது, கண்ணைப் பற்றி வாய் திறக்க அறவே மனம் வரவில்லையாம்.

"இத்தின வருசத்துக்குப் பிறகு திரும்ப ஒரு வேலை கிடைச்ச மாதிரி இருந்திச்சி" என்றார்.

மனைவி வந்ததும் மாமியே அவளிடம் சொன்னார். நான் நினைத்தபடியே வெடித்தாள். அம்மாவை ஏசினாள், அழுதாள், பிறகு அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கியதாகச் சொன்னாள். அன்றைக்கும் மறுநாளும் எங்கள் இருவரோடும் பேச்சு இல்லை. மாமிக்கும் எனக்கும் இடையில் தூது போக ஆள் இல்லாததால், "மகன், சாப்பிட வாங்க" என்று மாமி என்னையே நேரே கூப்பிட்டார். கோபம் தணிந்ததும் மனைவிதான் லீவு எடுத்துக்கொண்டு மாமியை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஒப்பரேசன் செய்யலாம். ஆனால் நாட்டில் மருந்துக்கும் தட்டுப்பாடான காலம். கண்ணுக்குள் வைக்கும் வில்லை வந்து சேரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். பொறுத்திருந்தோம்.

அந்த இடைக்காலத்தில் சைக்கிள் மூன்றும் எங்கள் இருவருடைய பொறுப்பாகியது. நான் பயந்தபடி சாவியைப் பிடுங்காமல், மாமி பூட்ட வேண்டும், நான் பார்த்து இறுக்க வேண்டும் என்று மனைவி சட்டம் போட்டாள். நடைமுறையில் அப்படிப் பிரித்துச் செய்ய முடியவில்லை. சில்லு நெளிந்து ஓடினால் நான் றிம்முக்குக் கிட்டச் சுண்ணாம்புக் கட்டியைப் பிடிப்பேன். மாமி சில்லைச் சுற்றிவிடுவார். சுண்ணாம்பு தொட்ட இடத்துக் கம்பிகளை அவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். தளர்ந்த கம்பியின் சத்தம் மொத்தமாக, தடித்த குரல் போல இருக்கும் என்றார். முதலில் எனக்கு எல்லாக் கம்பியும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. மாமி சலிக்காமல் திரும்பத் திரும்பச் சுண்டிக் காட்டினார். எனக்குப் பிடிபட்ட நாளில் அவரை விட நான்தான் கூடச் சந்தோசப்பட்டேன். பதிலுக்கு நான் வீடியோவில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். செயினுக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் பிசின் பிடிக்கும், தையல் மெசின் எண்ணெய் நல்லது என்றேன். இவ்வளவு காலமும் தேங்காயெண்ணெய்தான் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை என்று மாமி விடவில்லை. ஒரு சைக்கிளுக்கு அவருடைய எண்ணெய், மற்றதுக்கு என்னுடையது என்று முடிந்தது. மூன்றாவது மனைவியுடையது. அவள் எங்கள் இருவரையும் கிட்ட விடாமல் அதைத் தானே துடைத்து எண்ணெய் விட்டாள்.

வில்லை வந்ததாக ஆசுபத்திரியில் இருந்து அழைத்தார்கள். முதலில் வலது கண்ணைச் செய்தார்கள். அது நன்றாக வந்தது. மாமிக்கு நெடுநாளாக இருந்த, இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் மற்றக் கண்ணை உள்ளுக்குள்ளே பழுதாக்கியிருந்தது. அதைச் செய்தாலும் வெளிச்சம்தான் தெரியும், உருவம் தெரியாது என்று டொக்டர் சொன்னார். மாமி அதைக் கேட்டுத் தலையாட்டினார். வெளியே வந்ததும், இரண்டு கண்ணும் போகாமல் ஒன்று மிஞ்சியதே என்று மகளுக்குத்தான் அவர் ஆறுதல் சொன்னார்.

கண்ணில் போட்ட கட்டு அவிழ்த்து, மருந்து விட்டு, குனியாமல் இருக்கச் சொன்ன நாட்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் மாமி முற்றத்துக்கு வந்தார். சைக்கிள்களைச் சுற்றிவந்து பார்த்தார். துரு இவ்வளவு ஏறிக் கிடந்ததை ஒருவரும் சொல்லவில்லையே என்றார். என்னுடைய சைக்கிளின் முன் ரியூபில் காற்று இறங்கிக்கொண்டிருந்ததால் அதைக் கழற்றி வைத்திருந்தேன். அதைத் தூக்கிப் பிடித்து, நான் போட்ட ஒட்டுகளைப் பார்த்தார். ஒன்று கோணல், ஒன்றின் ஓரம் கிளம்பியிருந்தது, இன்னொன்று ஓட்டையை விட்டுத் தள்ளிப் போட்டது. மாமி சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெற்றோல் மெல்ல மெல்ல வந்தது. மனைவி ஸ்கூட்டிக்குத் திரும்பிவிட்டாள். நான் சைக்கிளை விடவில்லை.

மாமி திரும்பச் சைக்கிள் ஓடுவதற்குத்தான் வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. ஒரு கண்ணால் தூரம் சரியாகப் பிடிபடாது என்று மனைவி சொன்னாள். அது உண்மைதான். மாமி மறுக்கவில்லை. வாவிக்கரை ரோட்டில் மட்டும், வாகனம் குறைந்த காலை நேரத்தில் மட்டும், பக்கத்தில் நான் வந்தால் மட்டும் என்று ஒரு உடன்பாடு வந்தது. தொடக்கத்தில் அவர் மிகவும் மெதுவாக ஓடினார். குழிகளை வெகு முன்னாலேயே விலத்தினார். ஆள் எதிரே வந்தால் இறங்கி நின்றார். நாள் போகப் போகச் சரியாகிவிட்டது.

ஆடி மாதம் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா வந்தது. கோயில் இருக்கும் அமிர்தகழிக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும் என்று மாமி ஆசைப்பட்டார். டவுனுக்குள்ளால் போக வேண்டுமே என்று மனைவி தயங்கினாள். கடைசியில், விடியும்போதே வெளிக்கிட்டால் சரி என்று அவளே சொன்னாள். மாமி புதுச் சேலையைக் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொண்டார். நான் நடு ரோட்டுப் பக்கமாக ஓடினேன், அவர் கரைப்பக்கமாக வந்தார். பாலத்தில் காற்று இல்லை. வாவியில் தோணிகள் வலை எடுத்துக்கொண்டிருந்தன. டவுனில் அப்போதுதான் தேத்தண்ணிக் கடைகள் திறந்திருந்தன.

அமிர்தகழிக்குத் திரும்பும் ரோட்டில் சனம் நடந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே மாமியின் செயின் கழன்றுவிட்டது. நான் இறங்கி என் சைக்கிளை மதிலில் சாத்தப் போனேன்.

"நீங்க நில்லுங்க மகன்" என்றார் மாமி.

சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிக்கொண்டு ரோட்டோரம் குந்தினார். ஒரு கையால் பெடலைப் பின்னுக்குச் சுற்றி, மறுகையால் செயினைப் பல்லில் ஏற்றினார். முதல் தடவை நழுவியது. தலையைக் கொஞ்சம் சரித்து, நல்ல கண்ணால் பார்த்து, இரண்டாம் தடவை ஏற்றிவிட்டார். நடந்து போன ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டுப் போனது. மாமி எழும்பி, கறுத்த விரல்களைக் கரையில் கிடந்த இலையில் துடைத்தார். செயின் தொய்ந்துவிட்டது, வருகிற கிழமை ஒரு கண்ணி கழற்ற வேண்டும் என்றார். நான் ஓம் என்றேன். மேளச் சத்தம் கிட்டக் கேட்டது. சனம் கூடியதால் மிச்சத் தூரத்துக்கு இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.